மான் பார்க்காத ஆரஞ்சு

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குள் நுழைந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் முதலில் கேட்பது புலியைத்தான். நேரில் பார்ப்பதற்கு வெகுநாள் முன்பே அந்தப் புலி அவர்களுக்குப் பழக்கமாகியிருக்கும். அம்மா மடியிலோ தாத்தா மடியிலோ உட்கார்ந்து புரட்டிய ஏதோ ஒரு படப்புத்தகத்தில் வந்திருக்கும்: பளிச்சென்ற ஆரஞ்சு உடம்பு, கறுப்புக் கோடுகள், பின்னால் பச்சைக் காடு. அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது நமக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். பச்சைப் புதருக்குள் இப்படி ஆரஞ்சாகப் பதுங்கினால் எந்த மான்தான் ஏமாறும்? தாம்பரம் புறவழிச்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஆரஞ்சுச் சட்டை கொடுப்பதே, வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் அவர்கள் தூரத்திலேயே பட வேண்டும் என்பதற்காகத்தானே.

விடை மானின் கண்ணில் இருக்கிறது. நம் விழித்திரையில் நிறத்தைப் பிரித்தறிய மூன்று வகைக் கூம்புச் செல்கள் உண்டு. ஒன்று நீலப் பகுதி ஒளிக்கும், ஒன்று பச்சைப் பகுதிக்கும், மற்றொன்று அதைத் தாண்டிய மஞ்சள், சிவப்புப் பகுதிக்கும் அதிகம் தூண்டப்படும். மூன்றும் அனுப்பும் சேதிகளை ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தைச் சொல்கிறது. மான், மாடு, ஆடு, யானை, நாய் ஆகியவற்றுக்கு இரண்டே வகைக் கூம்புகள்தான். பச்சையையும் சிவப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி அவற்றிடம் இல்லை. ஆகவே நமக்கு ஆரஞ்சாகத் தெரியும் புலி, மானுக்குப் புல்லின் நிறத்தோடு கரைந்துவிடுகிறது. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஃபென்னெலும் அவர் குழுவினரும் 2019-இல் கணினி உதவியோடு இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். இரு கூம்புக் கண்ணை ஏமாற்ற ஆரஞ்சே போதும். பச்சையாக மாற வேண்டிய அவசியம் புலிக்கு இல்லை. விரும்பினாலும் மாறியிருக்க முடியாது. பாலூட்டிகளின் ரோமத்துக்கு வாய்த்தவை இரண்டே நிறமிகள். ஒன்று கறுப்பும் பழுப்பும் தரும், மற்றொன்று மஞ்சளும் செம்மையும் தரும். பச்சைக்கு அவற்றிடம் சரக்கு இல்லை.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குச் சிவப்பு பூசி, கழுத்தில் பச்சை ரிப்பன் கட்டி அழகு பார்க்கிறோம். பக்கத்தில் நிற்கும் மாட்டுக்கு அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் வெவ்வேறு நிறமாகத் தெரிவதில்லை. கூடிப்போனால் ஒன்று சற்று இருட்டாக, மற்றொன்று சற்று வெளிச்சமாக இருக்கும். சிவப்புத் துணியைக் கண்டால் காளை மிரளும் என்பதும் இதோடு போகிறது. துணி ஆடுவதுதான் அதை உசுப்புகிறது.

இதே கணக்கில் ஒரு படப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். யானை, பசு, நாய், ஆடு, சிங்கம் என்று இவற்றில் எதனிடம் அதை நீட்டினாலும் சிவப்பும் பச்சையும் அங்கே செத்துப்போகும். கிளியும் சிட்டுக்குருவியும் நேர் எதிர். பறவைகளுக்கு நான்கு வகைக் கூம்புகள் உண்டு. சிட்டுக்குருவி நம் கண்ணுக்கு எட்டாத புறஊதா ஒளியையும் பார்க்கிறது. அச்சுக்கூடத்தில் நீல மையையும் மஞ்சள் மையையும் சேர்த்து உண்டாக்கும் கிளிப்பச்சை, நம்முடைய மூன்று கூம்புகளைத் திருப்திப்படுத்தும் அளவுக்குச் செய்த பச்சை. உயிருள்ள கிளிக்கு அது தன் நிறமாகத் தெரியாது. புத்தகத்துக்குள் இருக்கும் கூட்டத்தில், அச்சடித்த நிறங்களை ஏறத்தாழ அச்சடித்தபடியே காணக்கூடியது குரங்குதான். கிண்டியிலும் வண்டலூரிலும் தின்பண்டப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் நம் ஊர்க் குரங்குக்கும் நமக்கும் கூம்புகள் ஒரே மாதிரி. சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதையிடம் எக்ஸ் குரோமோசோமில் இருந்த ஒரு மரபணு இரட்டித்து, மூன்றாவது கூம்பு வந்தது. இலைகளுக்கு நடுவே பழுத்த பழத்தையும் செந்தளிரையும் கண்டுபிடிக்க உதவியதால்தான் அது நிலைத்தது என்று பலர் கருதுகிறார்கள். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாலேயே, ஒரே ஒரு எக்ஸ் உள்ள ஆண் பிள்ளைகளில் நூற்றில் சிலருக்குச் சிவப்பு, பச்சை குழம்பும். மரத்தின் அடிமரத்தைப் பச்சையாகவும் இலையைப் பழுப்பாகவும் தீட்டுகிற பையனைத் திட்டுவதற்கு முன் ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

மூன்று கூம்புகளோடு பிறந்தாலும், மனிதக் குழந்தை அவற்றை வைத்து முதல் நாளே நிறம் பார்ப்பதில்லை. பிறந்த குழந்தையின் உலகம் மங்கலானது. நமக்கு வெகு தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரியும் ஒரு வடிவம், கிட்ட கொண்டுவந்தால்தான் அதற்குத் தெரியும். பார்வை ஓரளவு நிலைப்பது இருபது, முப்பது சென்டிமீட்டர் தூரத்தில். பால் குடிக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள இடைவெளி அதுதான். வெளுப்பும் கறுப்பும் மோதும் விளிம்புகள் அதன் கண்ணை நிறுத்தும். நிறங்களில், திண்ணென்ற சிவப்பு ஒன்று மட்டும் முதல் வாரங்களிலேயே ஓரளவு பிடிபடுகிறது. இரண்டு, மூன்று மாதத்தில் மூன்று வகைக் கூம்புகளும் சேர்ந்து இயங்கத் தொடங்குகின்றன. அதன் பிறகு நடப்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிராங்க்ளினின் ஆய்வுக்குழு நான்கிலிருந்து ஆறு மாதக் குழந்தைகளிடம் நிறங்களைக் காட்டி, எதை எவ்வளவு நேரம் பார்க்கின்றன என்று அளந்தது. 2017-இல் வெளியான முடிவு: அந்தக் குழந்தைகள் நிறங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று ஐந்து கூட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தன. இன்னும் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் வானவில்லை எங்கெங்கே வெட்டுவது என்பது தெரிந்திருந்தது.

ஐந்து மாதக் குழந்தைக்குப் படப்புத்தகம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்வேன். வெளிர் ரோஜா, வெளிர் நீலம் என்று மங்கிய நிறங்களில் அழகழகாக வரும் பல புத்தகங்கள் வாங்குகிற பெரியவர் கண்ணுக்குச் செய்தவை. குழந்தையின் கண் கேட்பது ஒரு பக்கத்துக்கு ஒரே உருவம், அழுத்தமான விளிம்பு, நிறைவான நிறம்.

குழந்தைப் புத்தகங்களில் படத்தோடு ரிப்பனும் வருவதுண்டு. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஃபேன்சி ஸ்டோர் வாசல்களில் சாட்டின் ரிப்பன் சுருள்களை அடுக்கி வைத்திருப்பார்கள். பள்ளிக்கூட இரட்டைச் சடைக்கு வாங்கும் அதே ரிப்பன்தான், துணிப் புத்தகங்களில் பூனையின் கழுத்திலோ பட்டத்தின் வாலிலோ தைத்து வருகிறது. வீட்டிலேயே இப்படிப் புத்தகம் தைத்துக் கொடுக்கும் பாட்டிமார் உண்டு. தைக்கிறபோது ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தொங்கும் நீள ரிப்பன் கழுத்தில் சுற்றிக்கொள்ளும், கையடக்கத் துண்டு வாய்க்குள் போகும். இரு முனையும் தைத்த, விரலளவுத் துண்டு போதும்.

சாட்டின் ஏன் மினுங்குகிறது? சாதாரணத் துணியில் ஒரு நூல் குறுக்கு நூல் ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக மாறி மாறிப் போகும். சாட்டின் நெசவில் ஒரு நூல் பல நூல்களின் மேலேயே தாவிச் சென்று, பிறகுதான் அடியில் மூழ்கும். மேலே நீளமாகப் படுத்திருக்கும் அந்த நூல்கள் எல்லாம் ஒரே திசையில் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. விரலால் ரிப்பனைச் சற்று வளைத்தால் வெள்ளைக் கோடு ஒன்று அதன் மேல் ஓடும். கையை அசைத்தால் கோடு இடம் மாறும், ரிப்பனின் சிவப்பு மாறாது. நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 'பளபளப்பான சிவப்பு ரிப்பன்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். மூளை இதற்குப் பின்னால் கடினமான கணக்கு ஒன்றைப் போடுகிறது. கண்ணுக்குள் வரும் ஒளியில் எவ்வளவு பொருளுக்குச் சொந்தம், எவ்வளவு விளக்குக்குச் சொந்தம் என்று பிரிக்கிறது.

குழந்தை அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகின்றன. ஜப்பானில் ஜியாலே யாங், மசாமி யமகுச்சி உள்ளிட்டோர் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தொட்டது. மூன்று, நான்கு மாதக் குழந்தைகளிடம் ஒரே பொருளை வெவ்வேறு வெளிச்சத்தில் இருப்பதுபோல் கணினியில் வரைந்த படங்களைக் காட்டினார்கள். பெரியவர்கள் 'இரண்டும் ஒன்றுதான்' என்று தாண்டிப்போகும் வேறுபாட்டை அந்தக் குழந்தைகள் கண்டுபிடித்தன. ஆனால் பெரியவர்களுக்குச் சட்டென்று தெரியும் வேறுபாடு, பளபளப்பான பரப்பா மங்கலான பரப்பா என்பது, அவற்றுக்குத் தெரியவில்லை. ஐந்தாம் மாதம் வந்ததும் முதல் திறமை போய்விடுகிறது. ஏழு, எட்டு மாதத்தில் இரண்டாவது வருகிறது. விளக்கு வெளிச்சத்தின் நுட்பங்களைப் பார்க்கும் கண்ணை விட்டுக்கொடுத்துத்தான் பொருளைப் பார்க்கும் கண்ணை நாம் எல்லோரும் வாங்கியிருக்கிறோம். அந்தச் சோதனையில் காட்டியவை படங்களே என்பதைக் கவனிக்க வேண்டும். ஓவியர் ஒரு சிவப்புப் பட்டையின் மேல் வெள்ளைக் கீற்று ஒன்றை இழுத்துவிட்டால், எட்டு மாதக் குழந்தைக்கு அது ரிப்பனாக மினுங்கத் தொடங்கியிருக்கும். நான்கு மாதத்தில் அது சிவப்பின் மேல் கிடக்கும் இன்னொரு வெள்ளைக் கோடு, அவ்வளவே.

குழந்தைகளுக்கான படப்புத்தகங்களில் உலகம் திரும்பிப் பார்த்த வேலை ஒன்று தாம்பரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில் நடக்கிறது. திருவான்மியூரில் இருக்கும் தாரா புக்ஸ் பதிப்பகத்தை கீதா உல்ஃப் 1994-இல் தொடங்கினார். 1990-களின் நடுவில் அவர்கள் கொண்டுவந்த புத்தகங்களில் ஒன்று, பசியோடு அலையும் சிங்கத்தைப் பற்றியது. வார்லி பழங்குடி ஓவியப் பாணியைத் தழுவி இந்திரபிரமித் ராய் வரைந்திருந்தார். கையால் செய்த காகிதத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்ட மாதிரிப் பிரதியைப் பிராங்க்பர்ட் புத்தகச் சந்தையில் பார்த்த கனடாப் பதிப்பகம் ஒன்று, அதே முறையில் ஆயிரக்கணக்கான பிரதிகள் வேண்டும் என்று கேட்டுவிட்டது. கல்யாணப் பத்திரிகையும் கடைப் பையும் அடிக்கிற தொழில்நுட்பத்தில் ஒரு முழுப் புத்தகத்தை ஆயிரக்கணக்கில் கையாலேயே அடிக்க வேண்டும். அடித்துக் கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் தென்சென்னையில் அவர்களுக்காக இயங்கும் கைவினைப் புத்தகப் பட்டறை.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நடப்பது இதுதான். மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டுவார்கள். அதன்மேல் ஒளிபட்டால் இறுகும் பசை ஒன்றைப் பூசி உலர்த்துவார்கள். ஓவியத்தில் சிவப்பு எங்கெங்கே வருகிறதோ அந்த இடங்கள் மட்டும் கறுப்பாக இருக்கும் ஒரு ஃபிலிமை மேலே வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். கறுப்பின் அடியில் ஒளி படாத பசை இறுகாது. தண்ணீர் பீய்ச்சினால் கழுவிக்கொண்டு போய்விடும். அங்கே வலையின் கண்கள் திறந்திருக்கும், மற்ற இடமெல்லாம் அடைத்திருக்கும். சட்டத்தைக் காகிதத்தின் மேல் இறக்கி, ஒரு ஓரத்தில் மையை ஊற்றி, ஸ்க்வீஜி என்னும் ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பாக இழுத்தால் சிவப்பு மட்டும் காகிதத்தில் இறங்கும். தாளை எடுத்துக் காயப்போட வேண்டும். காய்ந்த பிறகு மஞ்சளுக்கு இன்னொரு சட்டம். பிறகு பச்சை. நான்கு நிறப் பக்கம் என்றால் ஒவ்வொரு தாளும் நான்கு முறை மேசைக்கு வந்துபோகும். ஒவ்வொரு முறையும் முந்தைய நிறத்தோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் புலியின் கோடு புலிக்கு வெளியே விழும்.

இப்படி அடித்த பக்கத்தையும், சாதாரண ஆஃப்செட்டில் அடித்த ஒரு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மலிவான உருப்பெருக்கி ஒன்றால் பாருங்கள். ஆஃப்செட் பக்கத்தில் ஆரஞ்சுப் புலி காணாமல் போய்விடும். அங்கே இருப்பவை மஞ்சள் புள்ளிகளும் இளஞ்சிவப்புப் புள்ளிகளும், அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலமும் கறுப்பும். ஆரஞ்சு எங்கேயும் இல்லை. நம் கூம்புகள்தான் தூரத்திலிருந்து அந்தப் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கின்றன. ஸ்கிரீன் பக்கத்தில் எவ்வளவு பெருக்கினாலும் ஆரஞ்சு ஆரஞ்சாகவே கிடக்கும். கலந்த மை, ஒரே படலமாக, காகிதத்தின் சொரசொரப்பு மேடுகளில் ஏறியும் பள்ளங்களில் தயங்கியும் படிந்திருக்கும். விளிம்பில் மையின் கனம்கூடத் தெரியும். விரல் நுனியால் தடவினால் நிறம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பார்ப்பதையும் தொடுவதையும் இன்னும் தனித்தனியாக்கிக்கொள்ளாத வயதில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல அச்சு எனக்குத் தெரியாது. விலை அதிகம்தான், அது உண்மை.

இன்னொரு பெரிய வேறுபாடு கறுப்புக் காகிதத்தில் தெரியும். ஆஃப்செட் மை கண்ணாடிபோல ஒளி ஊடுருவுவது. அடியில் இருக்கும் வெள்ளைக் காகிதத்திலிருந்து திரும்பி வரும் ஒளியே அந்த நிறங்களை நமக்குக் காட்டுகிறது. கறுப்புக் காகிதத்தில் அதே மையை அடித்தால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. ஸ்கிரீன் மை மறைக்கும் தன்மை உடையது. அடியில் இருக்கும் காகிதத்தை நம்பாமல் தானே ஒளியைத் திருப்பி அனுப்பும். 2006-இல் தாரா புக்ஸ் கொண்டுவந்த 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்ற புத்தகம் அதனால்தான் சாத்தியமானது. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி மூவரும் வரைந்த மரங்களும், மரங்களோடு பின்னிக் கிடக்கும் பாம்பு, மான், பறவைகளும் கறுப்புக் காகிதத்தில் ஒளிர்கின்றன. 2008-இல் இத்தாலியின் போலோனியா குழந்தைகள் புத்தகச் சந்தை அதற்கு 'நியூ ஹொரைசன்ஸ்' விருது கொடுத்தது. பிறகு பஜ்ஜு ஷ்யாமுக்கு 2018-இலும் துர்கா பாய்க்கு 2022-இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. கோண்டு ஓவியத்தில் ஒரு மானின் உடம்பு வெறும் நிறத்தால் நிரம்புவதில்லை. சிறு கோடும் புள்ளியுமாக ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வந்து உடம்பை நிரப்பும். ஒவ்வோர் ஓவியருக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. விளிம்பு அழுத்தமாக இருக்கும், நிழல் கிடையாது. குழந்தையின் கண் எதைக் கேட்கிறதோ அதையே இந்த மரபு வேறு காரணங்களுக்காகச் செய்துவந்திருக்கிறது.

நிழலே இல்லாத ஒரு கோட்டு ஓவியம் எப்படிக் குழந்தைக்கு மானாகத் தெரிகிறது? படம் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா, தானாக வருமா? 1962-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஜூலியன் ஹாக்பெர்கும் வர்ஜினியா ப்ரூக்ஸும் ஒரு குழந்தையை ஏறத்தாழ 19 மாதம் வரை படங்களே அதிகம் கண்ணில் படாமல் வளர்த்தார்கள். யாரும் படத்தைக் காட்டி 'இது நாய், இது கார்' என்று சொல்லித் தரவில்லை. பொருள்களின் பெயர் மட்டும் அதற்குத் தெரியும். பிறகு கோட்டு ஓவியங்களைக் காட்டியபோது, அது பெயர்களைச் சரியாகச் சொன்னது. படத்தில் இருப்பதை அடையாளம் காண்பது தானாகவே வருகிறது.

ஆனால் படம் என்பது பொருளல்ல என்பதைப் புரிந்துகொள்வது தானாக வருவதில்லை. சேலையூரில் எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்பதாம் மாதத்தில் ஒரு புத்தகத்துக் காகத்தோடு நடத்திய போராட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஐந்து விரலையும் விரித்துக் காகத்தின் மேல் வைக்கும். நகத்தால் அதன் விளிம்பைச் சுரண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அலகைக் கிள்ளி எடுக்கப் பார்க்கும். வராது. பக்கத்தைத் திருப்பி முதுகில் தேடும். கடைசியில் புத்தகத்தையே வாயில் வைக்கும். ஜூடி டிலோச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் இதே காட்சிதான் இருக்கிறது. வண்ணப் புகைப்படத்தில் இருந்த பொருள்களை ஒன்பது மாதக் குழந்தைகள் பிடித்துத் தூக்க முயன்றன. அமெரிக்காவில் மட்டுமல்ல, மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில், புத்தகமே புழங்காத வீட்டுக் குழந்தைகளும் அப்படியே செய்தன. 19 மாதம் ஆனபோது பிடிப்பது நின்று, விரல் நீட்டிக் காட்டுவது வந்துவிட்டது. பிடிக்கும் கை காட்டும் கையாக மாறுவதற்கு இடையில் இருக்கிற பத்து மாதங்களில் குழந்தை கற்றுக்கொள்வது சாதாரணமானதல்ல. ஒரு பொருள் ஒரே நேரத்தில் காகிதமாகவும் காகமாகவும் இருக்கலாம் என்பதைக் கற்கிறது. பின்னாளில் எழுத்து, எண், நிலப்படம், பணம் எல்லாமே இந்த ஓர் அறிவின் மேல்தான் நிற்கப்போகின்றன. அந்த மாதங்களில் கிழியும் பக்கங்களுக்காகக் குழந்தையிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியில் வைக்கிறவர்களிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கிழியட்டும். கெட்டி அட்டைப் புத்தகமாக வாங்கினால் அதுவும் குறையும்.

ரிப்பன் தைத்த, கதவு திறக்கிற, இழுத்தால் வால் ஆடுகிற புத்தகங்கள் உதவுமா என்பது வேறு கேள்வி. தொட்டுப் பார்க்கும் புத்தகங்களுக்கு 1940-இல் அமெரிக்காவில் டோரதி குன்ஹார்ட் செய்த முயல் புத்தகம் முன்னோடி. அதன் வழி வந்தவை இன்று நம் மால்களிலும் நிறையக் கிடக்கின்றன. டிலோச், பட்ரீஷியா கானியா ஆகியோர் அடங்கிய குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகளுக்குச் சாதாரணப் புத்தகத்திலும் இழுத்து விளையாடும் புத்தகத்திலும் விலங்குகளைக் காட்டினார்கள். பெயரையும் செய்தியையும் அதிகம் கற்றது சாதாரணப் புத்தகம் பார்த்த குழந்தைகள்தான். காரணம் எளிது. இழுக்கிற ரிப்பன் இழுக்கப்பட வேண்டிய பொருளாகவே நின்றுவிடுகிறது. அதன் பின்னால் இருக்கும் விலங்கின்மேல் மனம் போவதில்லை. இதற்காக ரிப்பன் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். விரலுக்கும் கண்ணுக்கும் அது நல்ல தீனி. விலங்கின் பெயரைச் சொல்லித் தர வேண்டும் என்றால் மட்டும் ரிப்பன் இல்லாத பக்கத்தைத் திறந்தால் சரி.

நிறத்தின் பெயர்கள் இன்னும் சண்டித்தனம் செய்யும். நாய், பூனை, காக்கா, ரயில் எல்லாம் சொல்கிற இரண்டரை வயதுக் குழந்தை, சிவப்பைப் பச்சை என்றும் பச்சையை மஞ்சள் என்றும் கூசாமல் சொல்லும். ஆறு மாதத்திலேயே நிறங்களைக் கூட்டம் பிரித்த அதே குழந்தைதான் இது. சார்லஸ் டார்வின் தம் பிள்ளைகளிடம் இதைப் பார்த்து, நிறக்குருடோ என்றே பயந்ததாக எழுதியிருக்கிறார். மைக்கேல் ராம்ஸ்கரும் சக ஆய்வாளர்களும் 2010-இல் ஒரு வழி சொன்னார்கள். ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் நடந்த சோதனை அது. நிறத்தை முன்னால் வைத்துச் சொல்வதைவிட, பொருளை முதலில் சொல்லி, குழந்தையின் கண் அதன்மேல் நின்ற பிறகு நிறத்தைச் சொன்னால் கற்பது எளிதாகிறது. தமிழில் நமக்கு இது சிரமமே இல்லை. 'சிவப்புப் பந்து' என்பதற்குப் பதில் 'பந்தைப் பாரு, செவப்பா இருக்கு' என்றால் முடிந்தது. எல்லா வீட்டிலும் ஏற்கெனவே பேசுகிற பேச்சுதான்.

விலங்குகளுக்கு வருவோம். பிள்ளைகளுக்குப் பொம்மையைவிட உயிருள்ள விலங்கின்மேல்தான் ஈர்ப்பு. 2013-இல் வனெசா லோபு குழுவினர் ஒரு அறையில் நல்ல நல்ல பொம்மைகளையும், கூண்டுக்குள்ளும் கண்ணாடித் தொட்டிக்குள்ளும் சில சிறு உயிர்களையும் வைத்து, குழந்தைகளை இஷ்டத்துக்கு விட்டார்கள். மீன், வெள்ளெலி மட்டுமல்ல, பாம்பும் சிலந்தியும்கூட பொம்மைகளை ஜெயித்தன. அந்த ஈர்ப்பை நம்பித்தான் படப்புத்தகங்கள் காலங்காலமாக விலங்குகளால் நிரம்புகின்றன. சட்டை போட்ட கரடியும் ரிப்பன் கட்டிய முயலும் பாடம் படிக்கும் யானையும் அதிலிருந்து வந்தவை. ஆனால் கானியா குழு 2014-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு கவனிக்கத்தக்கது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு, அவர்கள் அதுவரை அறியாத விலங்குகளைப் பற்றிய புத்தகங்களைப் படித்துக் காட்டினார்கள். விலங்குகள் மனிதரைப்போலப் பேசுவதாகவும் நினைப்பதாகவும் சொன்ன புத்தகத்தைக் கேட்டவர்கள், நிஜ விலங்கைப் பற்றிய செய்திகளைக் குறைவாகவே பிடித்துக்கொண்டார்கள். அந்த விலங்குக்கும் மனித குணங்கள் உண்டென்று அதிகம் நம்பினார்கள். பாட்டி வடை சுட்ட கதையில் காக்காய் பேசுவதை யாரும் நிறுத்த வேண்டாம். அது காக்காயைப் பற்றிய பாடமல்ல, நம்மைப் பற்றியது. அதன் பக்கத்திலேயே, காக்காய் கூடு கட்டுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் உள்ளபடி காட்டும் புத்தகம் ஒன்றும் வீட்டில் இருக்க வேண்டும். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் படப்புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்களை இலவசமாகவே படிக்கலாம், அச்செடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் எருமையும் ஓணானும் மரவட்டையும் வருகிற புத்தகங்களுக்கு இப்போது பஞ்சமில்லை.

தென்சென்னைக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கொடுப்பினை இருக்கிறது. புத்தகத்தில் பார்த்ததை நேரில் போய்ப் பார்க்க இவ்வளவு இடம் இருக்கும் புறநகர் இந்தியாவில் எத்தனை உண்டு? சுமார் 600 ஹெக்டேரில் வண்டலூர். கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமானும் புள்ளிமானும். மேடவாக்கத்தை அடுத்த நன்மங்கலம் காப்புக்காட்டில் கொம்பன் ஆந்தை. வேளச்சேரி-தாம்பரம் சாலையை ஒட்டியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். 2022-இல் அது முக்கிய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பிள்ளையோடு அங்கே போகும்போது வீட்டுப் புத்தகத்தையும் கையில் எடுத்துப் போவது நல்ல பழக்கம். படமும் பறவையும் ஒரே சமயத்தில் கண்ணெதிரே இருந்தால், எது எதைக் குறிக்கிறது என்பதைக் குழந்தையே கோத்துக்கொள்ளும்.

பள்ளிக்கரணைக்குப் பூநாரைகள் வரும் பருவத்தில் போனால் புத்தகத்தோடு சண்டை பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. புத்தகத்துப் பூநாரை எப்போதும் ரோஜா நிறம். சதுப்பில் நிற்கும் கூட்டத்தில் வளர்ந்தவை வெள்ளையாக, சிறகில் மட்டும் ரோஜா காட்டும். இளையவை சாம்பலும் பழுப்புமாக இருக்கும். பூநாரையின் ரோஜா நிறம் பிறப்பில் வருவதல்ல, சாப்பாட்டில் வருவது. சேற்றுநீரில் வடிகட்டித் தின்னும் பாசியிலும் சிறு இறால்களிலும் இருக்கும் கரோட்டினாய்டு நிறமி உடம்பில் மாறி இறகுக்குள் ஏறுகிறது. கேரட்டிலும் மாம்பழத்திலும் இருப்பது இதே குடும்பத்து நிறமிதான். குஞ்சின் இறகில் அது சேர இரண்டு, மூன்று ஆண்டு ஆகும். 'புக்குல பிங்க்கா இருந்துச்சே, இது ஏன் சாம்பலா இருக்கு?' என்று நாலு வயதுப் பிள்ளை கேட்டால், கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் இறாலிலிருந்தே விளக்கத்தைத் தொடங்கலாம். அந்த வயதுக்குப் புரியும்.